அப்பாவுக்கு ஒரு வாய்

பாலிகஞ்ச், கொல்கத்தா

அன்புள்ள சாதனாவுக்கு,

உன் கழுத்து வலி தேவலையா? மாமாவுக்குச் சர்க்கரை குறைந்ததா? நான் சௌக்கியம். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நம் மேக்னாவுக்கு வயதுக்கு மீறிய எடை, போனைக் காட்டி ஊட்டாதீர்கள் என்று டாக்டர் சொன்னாராமே. அந்தப் போனில் தெரிந்தது என் முகம்தானே! போதும் என்று குழந்தை தலையைத் திருப்பினாலும், "அப்பாவுக்கு ஒரு வாய்டா கண்ணு" என்று நான் கெஞ்சுவேன். எனக்காக வாயைத் திறப்பாள்.

நேற்று லோக்கல் ரயிலில் கண்ணயர்ந்தேன். கனவில், மழையில் மின்னிய பிளாட்பாரத்தில் அவள் குடுகுடுவென்று ஓட, நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். "தாதா, எங்கே இறங்கணும்?" என்று பக்கத்தில் இருந்தவர் வங்காளியில் அண்ணா போட்டு எழுப்பியபோது ஒரு ஸ்டேஷன் தாண்டியிருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தேன்.

இனிச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட மாட்டேன். சாயங்காலம் அவள் தெருவில் ஓடியாடும்போது நீ கூப்பிடு; நானும் இங்கே நடந்துகொண்டே பேசுகிறேன். சாப்பிடும்போது அவள் போதும் என்றால் விட்டுவிடு, எனக்கான வாயையும் சேர்த்து.

பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்பு. அவள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கும் சோறு இறங்கிக்கொண்டிருந்தது.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

கிரிதர்