செருப்புக்குக் காவல்

மார்ச் 9, ஞாயிறு

"அந்த முனையத் தாண்டினா முடிஞ்சுது, சும்மா ஒரு எட்டு" என்றான் ரஸ். தாண்டினோம். இன்னொரு முனை வந்தது. அதைத் தாண்டினால் காடு, காட்டைத் தாண்டினால் சதுப்பு, சதுப்பில் அட்டை. பிட்மன் பேயில் பதினொரு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் யாராவது "சும்மா ஒரு எட்டு" என்றால் உயில் எழுதிவைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது எனக்கு இன்னும் உறைக்கவில்லை.

ரஸ் வேலை பார்த்த வங்கிக் கிளையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து பசிபிக் பெருங்கடலை நிர்வகிக்கும் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டுவிட்டான். எந்தக் கடற்கரைக்கு எப்போது போக வேண்டும் என்பதெல்லாம் அவன் ஆணைப்படிதான். அவன் மனைவி நோலீன் பேக்கரி நடத்துகிறாள். அவள் வாய்க்குத் தப்பியவர் இந்த ஊரில் இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் ஷாஸ் இந்த மண்ணின் பூர்வகுடி; அவள் ஆட்கள் இந்தக் கரையில் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. இன்று சதுப்பில் ரஸ் வழியைத் தொலைத்துவிட்டு வானத்தைப் பார்த்தபோது அவள்தான் கேட்டாள். "உங்க ஆளுங்க வழி தப்பித்தானே இந்த ஊருக்கே வந்தாங்க? பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போயிடுமா?"

திலகவதி என்ற என் பெயரை முதல் வாரமே டில்லியாக வெட்டிவிட்டார்கள். அடுக்கு டிபன் கேரியரைத் திறந்தேன். "பொறுடி, ஓடி ஒளிஞ்சுக்கறோம், அப்புறம் தொற" என்றாள் நோலீன். அட்டைக்கு நான் போட்ட அலறலுக்கு, "அந்த அட்டைக்கு நெஞ்சு வலி வந்திருக்கும், உன் கடைல மருந்து இருக்கா?" என்றாள். மொத்தத்தில் நல்ல நாள்.

கடைசியில் வழக்கம்போல மூவரும் கடலில் குதித்தார்கள். நான் வழக்கம்போல மணலில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல். இன்றைய காரணம் காதுவலி. இதற்கு முன் தலைக்குக் குளித்துவிட்டேன், குளிர்கிறது, வயிறு சரியில்லை, கண்ணில் மருந்து போட்டிருக்கிறேன் என்றெல்லாம் சொல்லியாயிற்று. ஒருமுறை "எங்க வழக்கத்துல அப்படி இல்ல" என்றுகூடச் சொன்னேன். நோலீன் மரியாதையாகத் தலையாட்டினாள். எனக்கே கூச்சமாக இருந்தது.

எனக்கு நீந்தத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். தர்மபுரியில் பிறந்தவளுக்குக் கடல் எங்கிருந்து வரும்? கிணறு உண்டு, பெண்பிள்ளைகளை அதன் பக்கமே விடமாட்டார்கள். எட்டிப் பார்த்ததற்கே அறை வாங்கியிருக்கிறேன். இடுப்பளவு தண்ணீர் என்றாலே மூச்சு அடைக்கிறது.

இவர்களிடம் சொன்னால் என்ன? சொல்லலாம்தான். ஒன்பது வருடத்துக்கு முன் ரஸ், வாம்பட் என்ற குண்டு விலங்கு தோண்டிய வளை ஒன்றில் இடுப்புவரை விழுந்தான். இன்றைக்கும் அவன் பெயர் வாம்பட். அவன் மகள் கல்யாணத்தில் வாழ்த்துரை வழங்கியவர்கூட அந்த வளையை விட்டுவைக்கவில்லை. இந்தக் கூட்டத்தின் கையில் இதைத் தூக்கிக் கொடுப்பதைவிடக் காதுவலி மேல்.

மார்ச் 14

பேக்கரியில் அறிவிப்பு. ஏப்ரல் முதல் ஞாயிறு, முகத்துவாரத்தைக் கடந்து நெடுங்கரைக்கு. கடல் வற்றும் நேரத்தில் நடந்தே கடக்கலாமாம். "முழங்கால் அளவுதான்" என்றான் ரஸ். யாருடைய முழங்கால் என்று கேட்டிருக்க வேண்டும். அவன் ஆறடி மூன்றங்குலம்.

மார்ச் 21

அன்றைக்குக் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு இருக்கும்போல என்று ஆரம்பித்தேன். ஷாஸ் என்னைப் பார்த்தாள். "வரணும்னா வா டில்லி. இல்லன்னா விடு. ஒண்ணும் பரவால்ல."

கேலி இல்லை, நக்கல் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டதுபோல. ரோஷம் வந்துவிட்டது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ரோஷம் ஒன்றுதான் நன்றாக நீந்தும்.

ஏப்ரல் 5

இன்று இரவோடு கோடை நேரம் முடிகிறது. கோடைக்காக அக்டோபரில் முன்னால் தள்ளிய கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். ரஸ் எல்லோருக்கும் போன் போட்டு நினைவூட்டினான். தேசத்தின் நேரத்தையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

போகும்போது பிரச்சினை இல்லை. தண்ணீர் அவனுக்கு முழங்கால், எனக்குத் தொடை. ஷாஸின் பைவாரைப் பிடித்துக்கொண்டு, ரசம் கொதிப்பதைப் பற்றி நினைத்தபடி கடந்துவிட்டேன். அந்தப் பக்கக் காடு அழகு என்றுதான் எழுத வேண்டும், அழகுதான். உடும்பு ஒன்று மரத்தில் ஏறி, நோலீனின் சாசேஜ் ரோலையே பார்த்துக்கொண்டிருந்தது. நெடுங்கரையில் எங்களைத் தவிர ஆள் இல்லை. சாப்பிட்டோம். ரஸ் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்துவிட்டான். "போலாமா?" என்று நான் நாலு தடவை கேட்டேன். "கடல் இன்னும் வத்திட்டே இருக்கு டில்லி. நிம்மதியா இரு."

திரும்பி வந்தால் முகத்துவாரம் அகன்று கிடக்கிறது. காலையில் நடந்த மணல்திட்டைக் காணவில்லை.

ரஸ் தண்ணீரைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். "கடல் ஏதோ தப்பு பண்ணுது" என்றான்.

ஷாஸ் கேட்டாள். "கடிகாரத்த மாத்துன, சரி. கடல் வத்துற அட்டவணைல ஒரு மணி கூட்டினியா?"

"எப்பவும் கூட்டணும்ல?"

"கோடைல கூட்டணும். கோடை நேரம் நேத்தோட முடிஞ்சு போச்சு வாம்பட்."

விஷயம் இதுதான்: கடல் வற்றும் நேரத்தைக் கோடை நேரம் பார்க்காமல் அச்சடிக்கிறார்கள். கோடை முழுக்க நாம்தான் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு மாதமாகக் கூட்டிக் கூட்டிப் பழகிய கை, இன்றைக்கும் கூட்டிவிட்டது. தேசத்துக்கே நேரம் சொன்னவன்! அவன் வற்றுவதாகச் சொன்ன நேரமெல்லாம் கடல் ஏறிக்கொண்டிருந்தது.

"யோவ், நீ பேங்க்ல இப்பிடித்தான் கூட்டினியா?" என்று கத்தினாள் நோலீன். "அதான் மூடிட்டுப் போய்ட்டானுங்க!"

சிரிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு யாரும் கடலைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சொல்லிட்டேன். "எனக்கு நீச்சல் தெரியாது." சொல்லும்போதே அழுகை வந்துடுச்சு. என்ன கண்றாவி.

"தெரியும்டி" என்றாள் நோலீன்.

"எப்பலேர்ந்து?"

"மொத தடவ நீ செருப்புக்குக் காவல் இருந்தியே, அப்பலேர்ந்து."

பதினொரு வருஷம்! காது, கண்ணு, வயிறுன்னு நான் ஒவ்வொரு உறுப்பா அடுக்கினதை இவங்க நம்புற மாதிரி நடிச்சிருக்காங்க. என் வாழ்வில் பார்த்த மிக நீளமான நாடகம். நடிகை நான் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

போனுக்கு சிக்னல் இல்லை. மறுபடி வற்றுவதற்கு நடுராத்திரி ஆகிவிடும். அவர்கள் மூவருக்கும் அது சும்மா நாலு கை வீச்சு. ஆனால் "நாங்க போறோம், நீ இரு" என்ற பேச்சே எழவில்லை. முகத்துவாரத்தைவிட்டு உள்ளே தள்ளி, நீர் அமைதியாக இருக்கும் இடமாகப் பார்த்து ரஸ் நீந்திப் போனான். அக்கரையில் சுற்றுலா வண்டிகள் தங்கும் காரவன் பார்க். படகு கொண்டுவருவதாக ஏற்பாடு.

கொண்டுவந்தான். படகு அல்ல. காற்றடைத்த, இளஞ்சிவப்பு நிற, வளைந்த கழுத்துப் பூநாரை. குழந்தைகள் நீச்சல் குளத்தில் ஏறி விளையாடுவது. "இதுதான் கெடச்சுது" என்றான். அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

கடந்தேன். வயது நாற்பத்தேழு, தொழில் மருந்தாளர், வாகனம் பூநாரை. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். ஒருபக்கம் நோலீன், ஒருபக்கம் ஷாஸ், பின்னால் ரஸ் தள்ளிக்கொண்டு. மடியில் டிபன் கேரியர். காரவன் பார்க்கில் யாரோ போட்டோ எடுத்தார்கள்.

என் ஆட்கள் மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிக்கவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

ஏப்ரல் 10

ரஸ் பழக் கேக்குடன் வந்து மன்னிப்புக் கேட்டான். நோலீன் பிளாஸ்திரி வாங்கினாள். "ரொம்ப நன்றி, டில்லி" என்றாள். நன்றி! இந்த ஊரில் நன்றியெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கும் வரித்துறை அதிகாரிகளுக்கும்தான்.

ஏப்ரல் 13

மறுபடி மரியாதை. "முடிஞ்சா வரியா?" என்று கேட்டார்கள். முடிஞ்சாவாம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தண்ணீரே இல்லாத வழியாகத் தேடிப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். மலை மேலே. ஓடை ஒன்று குறுக்கிட்டது, கணுக்கால் அளவு. ரஸ் கை நீட்டினான். டிபன் கேரியரைத் திறந்தேன், யாரும் ஓடி ஒளியவில்லை. "நல்லா வாசனையா இருக்கு" என்றாள் நோலீன். எனக்குத் தாங்கவில்லை.

"ஏன் யாரும் சிரிக்க மாட்டேங்கறீங்க? நான் பொம்மைப் பறவைமேல உக்காந்து வந்தேன்! மடில தயிர்சாதத்தோட! வாம்பட் வளையில விழுந்தவன ஒன்பது வருஷமா விடல, என்ன மட்டும் ஏன் விட்டுட்டீங்க? நான் உங்களுக்கு வேத்து ஆளா?"

கத்தல் காட்டில் எதிரொலித்தது. ஏதோ பறவை பதில்கூடச் சொன்னது.

ஷாஸ் உட்கார்ந்தபடியே சொன்னாள். "அவன் வளையிலேர்ந்து ஏறி வந்தப்புறம்தான் சிரிச்சோம். உள்ள மாட்டிட்டு இருந்தப்ப சிரிச்சமா? நீ இன்னும் உள்ளதான இருக்க."

பிறகு நோலீன் மெதுவாக, "வாசனைன்னு சொன்னது பொய். சாக்ஸ் மாதிரி நாறுது" என்றாள். கொஞ்சம் ஆறுதல்.

மே 6

பெரிய ஊரின் நீச்சல் குளத்தில் பாடம் கற்கச் சேர்ந்தேன். பக்கத்துத் தடத்தில் பால்பல் விழுந்த மாணவர்கள். ஒருத்தி என்னிடம் விசாரித்தாள்: "உங்க அம்மா எங்க?"

மே 20

தண்ணீருக்குள் முகத்தை வைத்துக் குமிழி விட்டேன். மருந்தியல் பட்டம் வாங்கியபோதுகூட யாரும் இப்படிக் கைதட்டவில்லை.

ஜூன் 3

மூழ்கினேன். பாடத்திட்டத்தில் இல்லை.

ஜூன் 24

போகவில்லை. காதுவலி. (நிஜமாகவே. யார் நம்புவார்கள்?)

ஆகஸ்ட் 12

மிதந்தேன். காது நீருக்குள், மேலே கூரையின் தகரம், எதுவும் கேட்கவில்லை. பயம் எப்போது போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை, அதுவும் என்னோடு மிதந்தது. கரையேறி வந்து உடை மாற்றும் அறையில் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அவர்களிடம் குளத்தைப் பற்றிச் சொல்லவில்லை. செவ்வாய்தோறும் என் தலை ஈரமாக இருப்பதைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை. நடிப்பில் கெட்டிக்காரர்கள்.

அக்டோபர் 5

கோடை நேரம் ஆரம்பம். ரஸ் மூன்று முறை போன் செய்துவிட்டான். "இப்ப கூட்டணும்தான?" மூன்றாவது முறை, "கடலக் கேளு" என்று வைத்துவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

நெடுங்கரைக்குப் போகலாம் என்று நானே சொன்னேன். வற்றும் நேரம் வேண்டாம், ஏறி நிற்கும் நேரம் போகலாம் என்றேன். ரஸ் வாயைத் திறந்தான். நோலீன் அவன் காலை மிதித்தாள்.

ஏப்ரலில் கடந்த அதே இடம். அவர்கள் மூவரும் முதலில் நீந்தக் கிளம்பினார்கள். ஷாஸ் மட்டும் பாதியில் திரும்பி வந்து, தற்செயலாக என்பதுபோல என் பக்கத்தில் மிதந்தாள். இறங்கினேன். மார்பளவு வந்ததும் வழக்கமான மூச்சடைப்பு. திரும்பிவிடலாமா? கரையில் என் செருப்பு தனியாக இருந்தது, காவல் இல்லாமல்.

நீந்தினேன். அழகாக அல்ல. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் நான். உப்புத்தண்ணீர் மூக்கில், கண்ணில், எங்கெங்கோ. நடுவில் ஒருமுறை கால் தரையைத் தேடியது, தரை இல்லை. அலறப் போனேன். வாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதால் அலறவில்லை. அப்புறம் முட்டியில் மணல் இடித்தது. நாலு காலில் தவழ்ந்து ஏறி, இருமி, துப்பி, நிமிர்ந்தேன்.

மணலில் அந்தப் பூநாரை நின்றது. எனக்குத் தெரியாமல் சுருட்டிக் கொண்டுவந்து ஊதி, கழுத்தை நிமிர்த்தி, தலையில் என் பழைய தொப்பி, கழுத்தில் வாசகம்: ஓட்டுநர் திலகவதி. என் முழுப்பெயரைச் சரியாக எழுதக் கற்றிருக்கிறார்கள்.

நோலீன் சிரிக்க ஆரம்பித்தாள். மணலில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "எட்டு மாசம்டி! எட்டு மாசமா அடக்கி வச்சிருந்தேன்! அது கழுத்த நெரிச்சியே, அதுக்கு இன்னும் வீக்கம் எறங்கல!" ரஸ் நான் உட்கார்ந்திருந்த விதத்தை நடித்துக் காட்டினான், டிபன் கேரியரோடு. ஷாஸ், "நீச்சலா அது? சலவை மெஷின் தப்பிச்சு வந்த மாதிரி இருந்துச்சு" என்றாள்.

"வேற ஆள் எவனும் இப்பிடிப் பேசினா கொன்னுடுவேன்" என்றேன். மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. எல்லாம் கடல்தண்ணீர் இல்லை.

டிசம்பர் 15, திங்கள்

கடையைத் திறக்கப் போனால் கதவில் பூநாரை கட்டியிருக்கிறது. முதல் வாடிக்கையாளர் தபால்காரர். "காலை வணக்கம், பூநாரை. பிரஷர் மாத்திரை வந்துச்சா?" அவரிடம் யார் சொன்னது? மாலையில் பள்ளிப் பேருந்து கடையைத் தாண்டும்போது ஹாரன் அடித்தது. ஜன்னலுக்கு ஒன்றாகப் பிள்ளைகள் கையைக் கழுத்துபோல வளைத்துக் காட்டின. ஷாஸ் நேராகப் பாதையைப் பார்த்து ஓட்டினாள், ஒன்றும் அறியாதவளாக.

என் கல்லறையில்கூட இந்தப் பெயரைத்தான் வெட்டுவார்கள். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனேன். கயிற்றை அறுக்கவில்லை. காற்று கொஞ்சம் இறங்கியிருந்தது, ஊதிவிட்டு வந்தேன்.