கதவைப் பூட்டும் முன்

அன்புள்ள மனைவிக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? தைலம் தேய்க்கச் சோம்பல்படாதே.

இருபத்தேழு வருஷம் நமக்குச் சோறு போட்ட குளிர்பதனக் கிடங்கில் நேற்று எனக்குக் கடைசி நாள். கைதட்டி, சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பிறகு வழக்கம்போல், பூட்டும் முன் உள்ளே பார்த்து மூன்று தடவை குரல் கொடுத்தேன்.

"இருப்பா, வந்துட்டேன்" என்று பதில் வந்தது. கதவைப் பிடித்தபடியே நின்றேன்.

சூப்பர்வைசர் சிரித்தான். "உள்ள யாருமே இல்லண்ணே. நகருங்க, நான் பூட்டறேன்."

பயப்படாதே, குளிரில் காது அப்படித்தான் ஏமாற்றும்.

உனக்கு இதுவரை எழுதாத ஒன்று. முதல் வருஷம் ஒருநாள் குரல் கொடுக்காமல் பூட்டிவிட்டேன். மூட்டை தூக்கும் கூட்டாளி உள்ளே இருந்தான். மறுநாள் காலையில்தான் திறந்தோம். தாழ்ப்பாள் பழுது என்று எழுதி முதலாளி என்னைக் காப்பாற்றினார். அந்த நன்றிக்காகத்தான் வேறெங்கும் போகவில்லை. நேற்று கேட்டது அவன் குரல்.

செவ்வாய்க்கிழமை வந்துவிடுவேன். அதற்குள் தச்சரை அழைத்து, அறைக் கதவுகளின் வெளித்தாழ்ப்பாளையெல்லாம் கழற்றச் சொல். பெட்டி கட்ட வேண்டும், நிறுத்துகிறேன். வீட்டில் நான் குரல் கொடுத்தால், எந்த வேலையாக இருந்தாலும் அவனுக்கு முன்னால் நீ பதில் சொல்லிவிடு.

உன் வீட்டுக்காரன்