ஒரு ஸ்பேனர்கூடத் தொலைந்ததில்லை

அண்ணா,

விமானப்படைத் தளத்தின் பொன்விழாவில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தாய். போரில் இங்கிருந்து பறந்த விமானங்கள், வெள்ளத்தில் மேலிருந்து போட்ட உணவு மூட்டைகள் என்று தளபதியாக நீ சரித்திரம் சொன்னபோது நானும்தான் கை தட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்து மார்தட்டிக்கொண்டாய்:

"அம்பது வருஷத்துல இங்க ஒரு ஸ்பேனர்கூடத் தொலைஞ்சதில்ல. ஒண்ணு குறைஞ்சாலும், அது கிடைக்கிற வரைக்கும் எந்த விமானமும் மேல ஏறாது!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உண்மைதான். பைலட்டாக இருந்தும் என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை, ஒரு ஸ்பேனருக்காக நாள் முழுக்க ஓடுபாதைப் புல்லில் தவழ்ந்து, அது கிடைத்த பிறகே முட்டி தேய்ந்து வீடு வந்தார். அவரே விமானத்தோடு கடல்மேல் காணாமல் போனபோது? ஒரு வாரம்கூடத் தேடவில்லை. "எவ்வளவு நாள்தாம்மா தேடுறது, மத்த வேலையும் இருக்குல்ல" என்று என் வாசலில் நின்று சொன்னாய். நீ பேசி முடிப்பதற்குள் தலைக்கு மேலே விமானங்கள் பறக்க ஆரம்பித்துவிட்டன.

மேடையில் நீ கொடுத்த கேடயத்தைத் திருப்பி அனுப்புகிறேன். 'மறைந்த வீரரின் மனைவிக்கு' என்று பொறித்திருக்கிறாய். மறைந்ததை யார் பார்த்தது? அவர் தொலைந்திருக்கிறார். ஸ்பேனரைத் தேடுவதுபோல் முதலில் தேடு. அப்புறம் பொறித்துக்கொள்.

இன்னும் உன் மாப்பிள்ளையின் மனைவியாகவே இருக்கும்
உன் தங்கை