இருபது டிகிரி மேடும் உன் அண்ணனும்

என் செல்விக் கண்ணுக்கு,

நேற்றுச் சாயங்காலம் நம் வீட்டு வாசலில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வாசற்படி ஓரத்தில் சக்கர நாற்காலியில் உன் அண்ணன். அவர் பக்கத்தில் நான். லீவு எடுத்துக்கொண்டு ஈப்போவிலிருந்து வந்திருந்த நம் மலர். கீழே ரோட்டோரம் கொத்தனார் அந்தோணி. வேறு யாருமில்லை. அந்தோணி கடைசிப் பலகையைத் தட்டிக் கழற்றினார். புதுச் சிமெண்ட் ஈரம் காயாமல் கறுப்பாக இருந்தது. வீட்டு வாசலிலிருந்து ரோடு வரைக்கும் ஒரு சாய்வுப் பாதை. எல்லோரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் உன் அண்ணன், "பரவால்ல லா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாததா?

சக்கர நாற்காலி என்றதும் நீ திடுக்கிட்டிருப்பாய். நீ போன பிறகு நடந்தது அது. சர்க்கரை வியாதிதான். வலது பாதத்தில் ஒரு சின்னப் புண், லோரியில் பிரேக் மிதிக்கிற கால். ஆறும் ஆறும் என்று மஞ்சள் பூசிக்கொண்டு தேயிலைக் கொழுந்து ஏற்றிப் போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. நீ இருந்திருந்தால் முதல் வாரமே காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாய். தங்கை சொன்னால்தானே கேட்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று, ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறுகிற மண்பாதையில் நாற்காலியோடு அவரை நாலு பேர் தூக்கினார்கள். நல்ல மனசோடுதான் தூக்கினார்கள். எஸ்டேட் லைன் வீட்டுச் சனம் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. "என்னண்ணே, சாமி ஊர்வலமாட்டம்ல இருக்கு" என்று ஒருத்தர் சொன்னார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். உன் அண்ணன் சிரிக்கவில்லை. உள்ளே கட்டிலில் உட்கார வைத்த பிறகு என்னிடம் சொன்னார்:

"பாக்கியம், தூக்குனா சாமியத் தூக்கணும், இல்ல பொணத்தத் தூக்கணும். நான் ரெண்டும் இல்ல. இனிமே என் கையால உருட்டிக்கிட்டுப் போக முடிஞ்சாத்தான் இந்த வாசலத் தாண்டுவேன்."

சொன்னதைச் செய்தார். அம்மன் ரதம் ஏறுகிற லோரியை வருஷா வருஷம் ஓட்டிய மனுஷன், கோயில் மணி கேட்டாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னோடு பேச்சும் குறைந்துபோனது. சோறு, தண்ணி, மாத்திரை, அவ்வளவுதான். நான் அம்மன் முன்னால் நின்று என்ன கேட்டிருப்பேன் என்று நினைக்கிறாய்? காலைக் கேட்கவில்லை. போன காலை அவள் எங்கிருந்து தருவாள். இந்த மனுஷன் வாசலைத் தாண்டட்டும் தாயே என்றுதான் கேட்டேன்.

நம் மலர் நர்ஸ் இல்லையா, அவள்தான் போனில் வழி சொன்னாள். அவள் வேலை செய்கிற இடத்தில் சாய்வுப் பாதை இருக்கிறதாம். "ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி நீளம் வேணும்மா. அதுக்கு மேல சரிவா இருந்தா அப்பா கையால உருட்ட முடியாது" என்றாள். சரி, நம் மேடு எத்தனை உயரம்? அதைத் தெரிந்துகொள்ளாமல் கொத்தனாரைக் கூப்பிட்டு, உன் அண்ணனுக்கு ஆசை காட்டி, அப்புறம் முடியாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. யாருக்கும் சொல்லாமல் நானே பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அவருடைய கருவிப் பெட்டியிலிருந்த இரும்பு டேப்பை எடுத்துப் பாதையில் நீட்டினேன். ஆறு மீட்டர் வந்தது. ஆனால் அது சரிவின் நீளம்தானே. உயரத்தை அளக்கக் காற்றில் எங்கே டேப்பைப் பிடிப்பது? அப்போதுதான் உன் குரல் ஞாபகம் வந்தது. நீ முன்னறையில் டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாய், நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டே கேட்பேன். "சுவத்துல ஏணி சாய்ஞ்சிருக்கு. ஏணி நீளம் தெரியும், கோணம் தெரியும். சைனால பெருக்கினா சுவத்து உயரம் வந்துரும்." எத்தனை பிள்ளைகளுக்கு அதே ஏணியைச் சாய்த்திருப்பாய். என் மண்டையிலும் அது ஏறிவிட்டது.

கைப்பேசியில் சரிவு பார்க்கிற ஒன்றை மலர் இறக்கிக் கொடுத்திருந்தாள். நேரான பலகையைப் பாதையில் போட்டு, அதன்மேல் போனை வைத்தேன். இருபது டிகிரி காட்டியது.

அப்புறம் உன் கால்குலேட்டரை எடுத்தேன். சாமி மாடத்தில் உன் படத்துக்குக் கீழேதான் வைத்திருக்கிறேன். அதன் சோலார் கண்ணாடி ஓரத்தில் சந்தனம் காய்ந்திருந்தது. சரஸ்வதி பூஜைக்கு நான் பொட்டு வைத்துவிட்டு உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? "அண்ணி, வெளிச்சம் படுற கண்ண மூடிவிட்டுட்டுக் கணக்குப் போடுன்னா அது எப்படிப் போடும்? கண்ணக் கட்டிவிட்டு சரஸ்வதிய வீணை வாசிக்கச் சொல்லுவீங்களா?" என்றாய். "அவ வாசிப்பாடி" என்றேன் நான். நீ சிரித்த சிரிப்பில் பிள்ளைகளும் பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

வீட்டுக் கணக்கு எழுதும்போது அதை உன்னிடம் கடன் வாங்கிக் கூட்டல் கழித்தல் மட்டும் போடுவேன். "ஏரோப்ளேன வாங்கி ரோட்டுல ஓட்டுறீங்க அண்ணி" என்பாய். உண்மைதான். ஒரு பட்டனுக்கு மூன்று வேலை. வெள்ளையில் ஒன்று, மேலே மஞ்சளில் ஒன்று, பக்கத்தில் சிவப்பில் ஒன்று. மஞ்சளுக்கு ஷிப்ட், சிவப்புக்கு ஆல்பா. முன்பெல்லாம் அதைப் பார்த்தாலே எனக்குப் பயம். அன்றைக்குப் பயப்பட நேரமில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆறு, பெருக்கல், சைன், இருபது, சமம் என்று அழுத்தினேன்.

ஐந்து புள்ளி நாலு ஏழு என்று வந்தது.

மறுபடி அழுத்தினேன். அதேதான். அஞ்சரை மீட்டர் ஏற வேண்டுமென்றால் அதற்குப் பன்னிரண்டு பங்கு பாதைக்கு நான் எங்கே போவேன், பக்கத்து லைன் வரைக்கும் போட வேண்டியிருக்குமே. மலரைக் கூப்பிட்டேன். யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டும் என்று நினைத்ததெல்லாம் மறந்துபோய், ஸ்பீக்கரைப் போட்டு, முன்னறையிலேயே நின்று சத்தமாகச் சொன்னேன். "ஆறு மீட்டர் பாதைக்கு அஞ்சரை மீட்டர் உயரம் வருது மலரு."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏய், அது நம்ம வீட்டு மேடா, தென்ன மரமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் படுத்திருந்தவர் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.

"அவ்ளோ செங்குத்தா இருந்தா நீ அரிசி மூட்டையோட எப்படி ஏறி வந்த? கொரங்காட்டம் தாவியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார், செல்வி. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து கேட்காத சிரிப்பு. எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று தெரியவில்லை. "நீங்க வேணா வந்து போட்டுப் பாருங்க" என்று வாய் மட்டும் சொல்லிவிட்டது.

போனில் மலர் கேட்டாள்: "அம்மா, ஸ்க்ரீன்ல மேல சின்னதா ஒரு இங்கிலீஷ் எழுத்து இருக்கும். டீயா, ஆரா?"

"ஆரு."

"அதான். அது ரேடியன்ல இருக்கு. டிகிரிக்கு மாத்தணும். ஷிப்ட், மோட், மூணு."

"ரேடியன்னா என்னடி?"

"அது வேற அளவும்மா. வட்டத்தோட ஆரம் எவ்வளவோ, அதே நீளத்துக்கு வட்டத்து ஓரமா வளைஞ்சு போனா வர்ற கோணம் ஒரு ரேடியன். நீங்க இருபது ரேடியன் கொடுத்திருக்கீங்க. அது மூணு சுத்து முழுசா சுத்தி, அதுக்கு மேலயும் போயிரும்."

"அதான் எனக்குத் தல சுத்துது" என்றார் உன் அண்ணன்.

அந்த ஆர் எப்படி வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் கடைசிப் பாடம். நீ படுக்கையில் விழுவதற்கு முன்னால் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு வட்டக் கணக்குத்தான் நடத்திக்கொண்டிருந்தாய். அப்படியே மூடி வைத்தது. நான் ஷிப்டை அழுத்தினேன், மோடை அழுத்தினேன். திரையில் பட்டியல் வந்து நின்றது. மூன்றில் விரலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் நின்றேன். மலர் "அம்மா, இருக்கீங்களா?" என்றாள். உன் அண்ணனுக்குப் புரிந்திருக்க வேண்டும். "அழுத்து, அவ இருந்தா இந்நேரம் திட்டியிருப்பா" என்றார். அழுத்திவிட்டேன். உனக்கு வருத்தம் இல்லையே?

இந்தத் தடவை இரண்டு மீட்டரும் கொஞ்சமும் வந்தது. பன்னிரண்டால் பெருக்கினால் இருபத்து நாலரை மீட்டருக்கு மேல். எனக்கு மறுபடியும் மனசு விழுந்துபோனது. நம் வாசலில் சவ்சவ் பந்தலையும் பிரித்தெடுத்துவிட்டால்கூட இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பத்து மீட்டர் தேறாது. "எடம் பத்தாது மலரு" என்றேன்.

"கீழ தாப்பாவுலேருந்து மேல வர்ற ரோடு நேராவா வருது?" என்றார் உன் அண்ணன்.

நான் போனை அவர் பக்கம் நீட்டினேன்.

"வளைச்சு வளைச்சுத்தானே மலை மேல கொண்டாறான். இங்கயும் வளைங்க. பேனா கொண்டா."

என் கணக்குப் புத்தகத்தில் பிள்ளையார் சுழி போட்டு வைத்திருந்த புதுப் பக்கத்தை அவரிடம் கொடுத்தேன். இந்தப் பக்கம் போய், திரும்பி, அந்தப் பக்கம் வந்து, மறுபடி திரும்பி ரோட்டுக்கு இறங்குகிற மாதிரி மூன்று கோடு போட்டார். "திரும்புற எடத்துல அகலமா விடணும். லோரிக்கும் அதேதான், நாற்காலிக்கும் அதேதான். அந்த எடம் மட்டமா இருக்கணும், மூச்சு வாங்க. சரிவுலயே திருப்புனா கவுந்துரும்" என்று சொல்லிக்கொண்டே பென்சிலும் பேனாவும் மாற்றி மாற்றிக் கேட்டார். "உன் பந்தல் போயிரும்" என்றார். போகட்டும், சவ்சவ்வைத் திரிங்காப் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அந்தோணி வந்தார். நீளக் குழாயில் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு முனை கீழே ஒரு முனை வைத்து மட்டம் பார்த்தார். "அக்கா, உங்க மெசினுக்கும் என் தண்ணிக்கும் நாலு வெரல்தான் வித்தியாசம்" என்றார். "எது சரி?" என்றேன். "தண்ணி பொய் சொல்லாது அக்கா. ஆனா தண்ணிக்கு சைன் தெரியாது" என்றார். எஸ்டேட் வீடாயிற்றே, மேனேஜரிடம் நானே போய்க் கேட்டேன். அவரும் வந்து பார்த்துவிட்டுச் சரி என்றார். வேலை நடந்த நாளெல்லாம் உன் அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து அந்தோணியை ஒரு வழி பண்ணிவிட்டார். "அண்ணே, நீங்க லோரியையே ஓட்டியிருக்கலாம்" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று கோடும் கணக்குப்படி அமைந்துவிட்டது. ஆனால் கடைசியில், ரோட்டோரக் கால்வாயைத் தாண்டுகிற இடத்தில் மட்டும் இடம் இல்லை. கால்வாயை நகர்த்த முடியாது. அங்கே இரண்டு மீட்டர் நாற்பது நீளத்தில் முப்பது சென்டிமீட்டர் இறங்குகிறது. இதற்கு நான் யாரையும் கேட்கவில்லை. திரையில் மேலே டிகிரிக்கான டீ எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஷிப்ட் அழுத்தி, டேன் அழுத்தி, முப்பதை இருநூற்று நாற்பதால் வகுத்தேன். ஏழு டிகிரிக்கு மேல் வந்தது. மற்ற இடமெல்லாம் நாலே முக்கால்தான். ஏழு என்றால் இறங்கும்போது கை வழுக்கினால் நாற்காலி நேரே ரோட்டுக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை திருவிழாவுக்குக் கொடியேற்றம். அதற்குள் சிமெண்ட் இறுகிவிடும். அன்றைக்குச் சாயங்காலம் முதல் தடவையாக இறங்கப் போகிறார். ரோட்டுக்கு வந்துவிட்டால் கோயில் வரைக்கும் சமதரைதான்.

"பின்னால யாரும் வரக் கூடாது" என்கிறார். "கோயில் வாசல்ல போய்த் திரும்பிப் பாப்பேன். நீ வீட்டு வாசல்லதான் நிக்கணும்."

மலர் பின்னாலேயே போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள். "அப்பாவுக்குக் கையில இன்னும் பலம் பத்தாதும்மா. வீம்பு மட்டும்தான் இருக்கு." அந்தோணி, "அண்ணன் சொன்னா சொன்னபடி விட்ருங்க அக்கா, நான் கீழ சும்மா பீடி குடிக்கிற மாதிரி நின்னுக்கறேன்" என்கிறார். அது அவருக்குத் தெரியாமலா போகும்? பிடித்தால் அவர் மனசு உடையும். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டால் அப்புறம் எந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டு அவரைச் சிரிக்க வைப்பேன்? பிடிக்காமல் விட்டு, விழுந்துவிட்டால்?

அம்மனுக்கு முன்னால் பூக்கட்டிப் போட்டுப் பார்க்கலாம் என்று நேற்று விளக்கேற்றும்போது நினைத்தேன். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பறித்துக்கூட வைத்துவிட்டேன். அப்புறம் வேண்டாம் என்று இரண்டையும் உன் படத்துக்கே வைத்துவிட்டேன். அம்மனுக்கு எல்லாம் தெரியும், அது வேறு. ஆனால் உன் அண்ணனோடு சின்னதிலிருந்து சண்டை போட்டு வளர்ந்தவள் நீ. எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே பிடித்து நிறுத்தணும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்தவள். இதற்கு உன்னைத்தான் கேட்கணும்.

நீ என்ன சொல்கிறாயோ அதைத்தான் செய்வேன். பிடி என்றால் அவர் கத்தினாலும் பிடிப்பேன். நில் என்றால் வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அவர் கோயில் வாசலில் திரும்பிப் பார்க்கிறவரை அசைய மாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

கனவில் வந்தாலும் சரி, மலர் வாயிலிருந்து சொன்னாலும் சரி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லிவிடு, செல்வி.

உன் அண்ணி,
பாக்கியம்