பேத்தியின் வயிற்றுப்போக்கு தாத்தாவின் பெயரில்

அனுப்புநர்:
தலைமைச் சமையல்காரர் (தற்சமயம் சமையலறைக்கு வெளியே),
அரசு அலுவலக உணவகம்.

பெறுநர்:
உயர்திரு சுகாதார அதிகாரி அவர்கள்,
சுகாதாரத் துறை அலுவலகம்.

பொருள்: பத்து மாதக் குழந்தையின் வயிற்றுப்போக்கை ஐம்பத்திரண்டு வயது ஆண்மீது ஏற்றிய பதிவை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இம்மாதம் நான்காம் தேதி காலை, சுள்ளென்ற வெயிலில், கழுத்துவரை பொத்தானிட்ட மழைக்கோட்டுடன் தங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்த நபர் அடியேன்தான். உள்ளே என்ன அணிந்திருந்தேன் என்பது இம்மனுவுக்குத் தேவையற்றது. சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. அன்று எனக்கு வார விடுமுறை. மகள் வேலைக்குப் போனபின் பேத்தி என் பொறுப்பு. விடிந்ததிலிருந்து அவள் என் மூன்று சட்டைகளையும் இரண்டு கால்சட்டைகளையும் ஒரு கை பார்த்திருந்தாள். காவலாளி என்னைச் சுற்றிவந்து பார்த்த பிறகே உள்ளே விட்டார்.

2. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தின்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அந்த மருந்து வருவதற்கு முன், மூத்த பேரன் இதே வயதில் நான்கு நாள் குளுக்கோஸ் ஏற்றிக் கிடந்தான். கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. பேத்திக்கு மூன்று தவணையும் நாள் தவறாமல் கொடுத்தோம். அதனால்தானோ என்னவோ, இம்முறை வந்தது லேசாகவே வந்தது. நடுநடுவே என் சட்டையைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். என் புகார், மருந்துக்குப் பின்னால் வந்த கேடயத்தைப் பற்றியது.

3. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு வெகுவாகக் குறைந்ததற்காக அந்நிலையத்துக்குக் கேடயம் வழங்கப்பட்டது. மருந்து குறைத்தது போக மீதியைக் கேடயம் குறைத்துவிட்டது. பதிவேட்டு மேசையில் இருந்த நர்ஸம்மா சொன்னது இது: "குழந்தை பேர்ல எழுத முடியாது சார். ஒன்பது மாசமா அந்தக் கட்டத்துல பூஜ்யம்தான் போட்டுட்டு வர்றோம். உங்க பேரைச் சொல்லுங்க, பொட்டலம் தந்துடறேன். யாருக்குப் போனா என்ன, கலக்கிக் குடிக்கிற பவுடர் ஒண்ணுதானே."

இடுப்பில் குழந்தை, உடம்பில் மழைக்கோட்டு. வாதாடும் நிலையில் நான் இல்லை. என் பெயர், வயது, தொழில் எல்லாம் ஏறின. பெரியவர்களுக்கான மாத்திரையும் கொடுத்து, "இதைப் பாப்பாவுக்குக் குடுத்துடாதீங்க" என்று காதோடு சொன்னார். மருந்துச் சீட்டின் அடியில் 'மது, காரம் தவிர்க்கவும்' என்று அறிவுரை. பேத்தி அன்றுமுதல் இரண்டையும் தொடவில்லை.

4. பிறகு விசாரித்தேன். எங்கள் தெருவில் பேருந்து ஓட்டுநருக்கு ஆறு மாதத்தில் மூன்று முறையும், தையல்காரருக்கு இரண்டு முறையும் வயிற்றுப்போக்கு கண்டதாகப் பதிவாகியுள்ளது. இருவரும் கல்லைத் தின்று செரிக்கிறவர்கள். இருவர் வீட்டிலும் கைக்குழந்தை உண்டு. தையல்காரரின் மாமியார் மட்டும் சீட்டை அப்படியே நம்பி, மருமகனுக்கு ஒரு வாரம் பத்தியச் சாப்பாடு போட்டார்.

5. தையல்காரருக்குப் போனது ஒரு வார ருசி. எனக்குப் போவது வேலை. வயிற்றுப்போக்குள்ள சமையல்காரர்களின் பட்டியல் உணவுப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தானாகவே போய்விடுமாம். எட்டாம் தேதி உணவக மேலாளர் என்னை வாசலிலேயே நிறுத்தி, "உள்ள விட்டா என் தலை போயிடும் மாஸ்டர்" என்றார். இருபத்திரண்டு வருடம் கரண்டி பிடித்த கை இன்று சாப்பாட்டு வரிசையை ஒழுங்குபடுத்துகிறது. இதுவரை ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்லாத கணக்குப் பிரிவுக்காரர்கள்கூட இப்போது நின்று, "மாஸ்டர், இப்ப கெட்டியா இருக்கா?" என்று அன்போடு கேட்கிறார்கள். இருபதாம் தேதிக்குள் நலச் சான்று தராவிட்டால் என் இடத்தில் வேறு ஆள். சான்று கேட்டுப் போனால், நோய் என்னுடையது அல்ல என்று எழுதக் குழந்தையின் பதிவு வேண்டுமாம். குழந்தையின் கட்டத்தில் பூஜ்யம்.

6. இன்னொன்று, இதில் வேடிக்கை ஏதும் இல்லை. பூஜ்யம்தானே என்று குழந்தைகளுக்கான சிகிச்சைப் படுக்கைகள் இரண்டையும் எடுத்துவிட்டு, அங்கே கேடயத்துக்குக் கண்ணாடி அலமாரி வைத்திருக்கிறார்கள். அடுத்து வரும் குழந்தை சொட்டு மருந்து போடாததாக இருந்து, என் பேரனைப்போலக் கண்ணீர் வற்றி வந்தால் எங்கே படுக்க வைப்பார்கள்?

ஆகவே, பதிவேட்டில் என் பெயரை அடித்து என் பேத்தியின் பெயரை எழுதுமாறும் (அவளுக்கு ஆட்சேபணை இல்லை, வேலை போகும் பயமும் இல்லை), இருபதாம் தேதிக்குள் எனக்கு நலச் சான்று தருமாறும், படுக்கைகளைத் திரும்பப் போடுமாறும் மன்றாடுகிறேன். கேடயத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். துடைத்து நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

கரண்டியைத் திரும்பப் பிடிக்கக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
தலைமைச் சமையல்காரர்

இடம்: உணவக வாசல்
நாள்: இம்மாதம் பன்னிரண்டு

பின்குறிப்பு: பதிவேட்டில் உள்ள நான்காம் தேதி முற்றிலும் தவறு. எனக்கு ஆரம்பித்தது ஐந்தாம் தேதி மாலை. நின்றது ஏழாம் தேதி இரவு. அந்த நாட்களில் நான் விடுப்பு எடுக்கவில்லை.