பிடித்த காயில் கால் பங்கு

விரோதிகிருது வருஷம், ஆவணி 5

போடியில் முதலாளியைப் பார்த்துவிட்டு மலையேறினேன். வருஷச் செலவுத் திட்டம் போட்டுவிட்டார். ஏலத்தோட்டக் காவலுக்கு நூறு ரூபாய்க்கு மேல் ஒரு தம்பிடி கிடையாதாம். போன வருஷம் இருநூறு. வீட்டில் உலை அரிசியைக்கூடத் தானே அளந்து கொடுக்கிற மனுஷன். காய் களவு போனால் மட்டும் கணக்கெழுதும் ரைட்டர் என் தலைதான் உருளும். நானே ஒரு வழி சொன்னேன். காவல்காரருக்குப் பாதிச் சம்பளம், பிடிக்கிற களவுக் காயில் கால் பங்கு. முதுகில் தட்டிக்கொடுத்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

ஆவணி 19

காவலுக்கு வந்த கன்னையனும் திருப்பதியும் வேலையில் புலி. சாயங்காலம் கூலியாட்களை நிறுத்தி மடியை உதறச் சொல்கிறார்கள். மூன்று பேர் சிக்கினார்கள். பிரம்படி. நல்லா வேணும்.

புரட்டாசி 2

தினமும் யாராவது மாட்டுகிறார்கள். நேற்று ராக்கு. காய்ச்சலில் குடிசையை விட்டே வராதவள், அவள் பாய்க்கடியில் காய் இருந்ததாம். முதுகுத்தோல் உரிந்துவிட்டது. கன்னையனைக் கேட்டேன். சிரித்தான்.

"பாதிச் சம்பளத்துல எம்புள்ளைகளுக்கு யாரு சோறு போடுறது? நீங்களாண்ணே?"



புரட்டாசி 5

முழுச் சம்பளம் கொடுத்துவிடலாம் என்று முதலாளிக்குச் சொல்லியனுப்பினேன். திட்டம் போட்டது போட்டதுதான், அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

புரட்டாசி 11

காய் பறிக்கிற அய்யம்மாளின் வலது கையைக் கல்லில் வைத்துத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான் கன்னையன். எலும்பு நொறுங்கிய சத்தம் காய் காயவைக்கிற ஸ்டோர் வாசல் வரை கேட்டது. அவள் மடியில் காயைப் போட்டதே அவன்தான் — பார்த்தேன். பார்த்துக்கொண்டு நின்றேன். ஏண்டா வாயத் தெறக்கல? வழி சொன்னவன் நீதானடா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தெறப்ப?

புரட்டாசி 12

அவள் புருஷன் சோணை காட்டுக் கத்தியோடு வந்தான். கன்னையன் கழுத்தில் இரண்டு வெட்டு. காயப்போட்ட காயெல்லாம் ரத்தம். திருப்பதி சுட்டான். சோணை எழுந்திருக்கவில்லை.

புரட்டாசி 15

கேஸ் வராமல் கீழே போடியிலேயே முடித்துவிட்டார் முதலாளி. முந்நூறு ரூபாய் ஆனதாம். அதற்குப் பணம் இருந்திருக்கிறது. ரத்தம் பட்ட காயைக் கழுவிக் காயவைக்கச் சொன்னார்.

புரட்டாசி 16

கூலியாட்கள் மூட்டை முடிச்சோடு அடுத்த மலைத் தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். கடைசியாக அய்யம்மாள். கையில் துணிக்கட்டு.

"காடு உங்களுதுதேன். அவரப் பொதச்ச எடத்துல மட்டும் ஏலம் நட்டுறாதீக."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நான்தான் அழுதேன், வெட்கமில்லாமல்.

ஐப்பசி 9

பழுத்த காயை எலி தின்கிறது. பறிக்க ஆள் இல்லை. பிடிக்கவும் ஆள் இல்லை. திருப்பதி என் குடிசையையே சுற்றிச் சுற்றி வருகிறான். செத்துப்போன கன்னையனுக்குப் பதிலாக வந்த பால்பாண்டியும் கூடவே.

ஐப்பசி 21

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக வருகிறது. என் பெட்டியில் ஒரு மூட்டை காய் இருந்ததாம். வலது கையைக் கல்லில் வைத்தார்கள். அதே கல்.

முதலாளி மலையேறி வந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே, மூட்டையை அவிழ்த்து இருவருக்கும் கால் பங்கை அளந்து கொடுத்தார்.