பழையதா, புதுசா

ஜூலை 3, வியாழன்
விடியும்போதே தூறல். மீனாட்சிபுரம் முழுக்கச் சேறு. வேலை பார்க்கும் பால் சொசைட்டியில் பால் அளக்கையில் 2 தடவை தப்பாக எழுதினேன். கவனம் அங்கே இல்லை.

திங்களன்று கோவை ஆஸ்பத்திரியில் எனக்குக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் கட்டி. சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியாயிற்று. ரிசல்ட் 9-ஆம் தேதி.

ஏழு வருடம் முன்பு கர்ப்பப்பையில் புற்றுநோய். எடுத்தார்கள். தீர்ந்தது என்றிருந்தேன். "அது பரவியிருக்கலாம். இல்ல, இது தனியா வந்த வேற புத்துநோயா இருக்கலாம். புதுசா இருந்தா வெட்டி எடுத்துடலாம், அதான் நல்லது" என்றார் டாக்டர்.

ஜூலை 4, வெள்ளி
காற்று. மாட்டுக் கட்டுத்தறியை இருமுறை கழுவினேன். பாத்திர அலமாரி. அரிசி டின். பிறகு மறுபடி கட்டுத்தறி.

மதியம் சாமி படத்துக்கு முன்னால் இவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. "புதுசாவே இருக்கோணும், சாமி." பெண்டாட்டிக்குப் புதுப் புற்றுநோய் கேட்டு வேண்டுகிற மனுஷன்! சிரித்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு
மகள் திவ்யா கஞ்சிக்கோட்டிலிருந்து வந்தாள். கம்பெனி ஆபீஸில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். ஆவணியில் கல்யாணம். ஜாக்கெட் அளவு, பத்திரிகை, ஒரே பேச்சு.
"ஏம்மா இப்படி இளைச்சுப் போயிட்டே?"
"வேலை ஜாஸ்தி, கண்ணு."
அடுப்படியில் இவர், மெதுவாக: "அவகிட்ட மூச்சு விட்றாத."

ஜூலை 9, புதன்
புதுசு! பழையது பரவவில்லை. வெட்டி எடுத்துவிடலாம். 21-ஆம் தேதி ஆபரேஷன். இவர் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு டாக்டர் கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது? அப்பா 44 வயதில் போனார். ரத்தமாகப் போயிற்று, மூலம் என்றிருந்தோம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு தனித்தனிப் புத்து. சதையிலயும் பரம்பரைக்கான அடையாளம் தெரியுதும்மா. உங்க ரத்தம் டெஸ்ட் பண்ணணும். பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் இருந்தா, முன்கூட்டியே பார்த்துத் தடுக்கலாம்."

பஸ்ஸில் இவர்: "கல்யாணம் முடியட்டும். மாப்பிள்ளை ஊட்டுல தெரிஞ்சா என்னாகும்?"

ஜூலை 10, வியாழன்
சொசைட்டிக்கு லீவு. செய்ய வேண்டியவை:
ஆபரேஷனுக்கு முந்தைய டெஸ்ட்கள்
மாடு பார்க்க ஆள்
தி.

முதல் இரண்டும் பதினோரு மணிக்குள் ஆயிற்று. போனை எடுத்தேன், வைத்தேன். நாலைந்து தடவை. இவரிடம் சொல்லாமல் கஞ்சிக்கோட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

கம்பெனிக்கு எதிரே டீக்கடை. எல்லாம் சொன்னேன். திவ்யாவின் டீ ஆறிப்போயிற்று.
"எனக்கும் இருந்தா?"
"இருந்தா வருமுன்னே பாத்துக்கலாம். எனக்குச் சொல்ல ஆளில்ல, கண்ணு."

அழுவாள் என்று நினைத்தேன். போனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். "கார்த்தி, முழுசாக் கேட்டுட்டு அப்புறம் பேசு." என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ரோட்டோரமாக நடந்தேன். லாரிகள். திரும்பி வந்தபோது அவன் சொன்னதைச் சொன்னாள். "யோசிக்கணும்கிறான்மா."

ஜூலை 11, வெள்ளி
தூறல் இல்லை. திவ்யாவிடம் சொன்னதை ராத்திரியே இவரிடம் சொல்லிவிட்டேன். விடிந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. போனைப் பார்த்துப் பார்த்தே பகல் போயிற்று.

நாலு மணிக்குத் திவ்யா கூப்பிட்டாள். செவ்வாயன்று என்னோடு ரத்த டெஸ்ட்டுக்குக் கோவை வருகிறாள். கார்த்தி? அவனும் கூட வருகிறானாம். அவனுடைய அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இவரிடம் சொன்னேன். பால் கறந்து முடித்துச் செம்போடு வந்து நின்றார்.
"செவ்வாக்கெழம எத்தன மணி பஸ்ஸு?"
"ஆறே காலுங்க."
"நாலு பேருக்கு எடம் கெடைக்குமா?"